மேலேதானே தடவுகிறோம் என்பவர்களுக்கு

“மேலேதானே தடவுறோம், உள்ள என்ன போயிடப் போவுது?” நரையை மறைக்க டை பாக்கெட் வாங்குகிறவர்களும், கல்யாண வீட்டில் மருதாணி கோனைப் பிழிகிறவர்களும், கடைமடை வயலில் ஸ்பிரேயரை முதுகில் மாட்டி வெறும் மேலோடு மருந்து அடிக்கிறவர்களும் காரைக்காலில் ஒன்றுபோல் சொல்கிற பேச்சு இது. இதே நம்பிக்கைக்குப் படித்தவர்களிடம் வேறொரு வடிவம் உண்டு. வெளியிலிருந்து வரும் வேதிப்பொருளை உடைப்பதும் மாற்றுவதும் கல்லீரலின் வேலை, தோலுக்கு அதில் பங்கில்லை. ஆகவே கிண்ணத்தில் வளர்த்த மனிதத் தோல் செல்களை வைத்து நடத்தும் நச்சுச் சோதனை அரைகுறையானது. முழு உடம்போடு நடமாடும் எலியிலோ முயலிலோ தடவிப் பார்த்தால்தான் உண்மை தெரியும் என்பது அந்த வடிவம். முதலாவது தெருவில் கேட்பது, இரண்டாவது கருத்தரங்கில் கேட்பது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: தோல் என்பது உடம்பைச் சுற்றி எழுப்பிய உயிரற்ற சுவர் என்ற எண்ணம். அந்த எண்ணம் தவறு. அது தவறாக இருப்பதால்தான் நம் வீட்டுப் பழக்கமும், பாக்கெட்டின் மேல் அச்சடிக்கிற எச்சரிக்கையும், சோதனை முறைகளைப் பற்றிய நம் விவாதமும் ஒருசேரத் தடம் மாறிப்போயிருக்கின்றன.

சுவர் என்று நாம் நினைப்பது தோலின் மேற்படலம் மட்டும். இறந்த செல்கள் தட்டுத்தட்டாக அடுக்கிய அந்தப் படலத்தின் கனம் உடம்பின் பெரும்பகுதியில் 10 முதல் 20 மைக்ரோமீட்டர். ஒரு தலைமுடியின் கனம்கூட இல்லை. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் உயிருள்ள செல்கள். அவற்றில் மிகுதியானவை கெரட்டினோசைட் செல்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் அந்நியப் பொருளைப் பிடித்து மாற்றும் நொதிகள் இருக்கின்றன. சில நொதிகள் பொருளை ஆக்சிஜனேற்றம் செய்கின்றன, சில எஸ்டர் பிணைப்பை வெட்டுகின்றன, சில குளூட்டதயோனையோ அசிட்டைல் குழுவையோ ஒட்டி அதன் முனையை மழுக்குகின்றன. காவிரியின் கடைமடையில் இருப்பவர்களுக்கு இதைப் புரியவைக்க நீண்ட விளக்கம் தேவையில்லை. மேட்டூரில் திறந்துவிட்ட கணக்கை வைத்துக்கொண்டு காரைக்கால் வாய்க்காலில் எவ்வளவு ஓடும், எந்த நிறத்தில் ஓடும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நடுவில் எத்தனை மதகு, எத்தனை கிளை, எத்தனை வயல் என்று பார்த்த பிறகுதான் சொல்வார்கள். தோலில் தடவிய பொருளும் அப்படித்தான். பாக்கெட்டில் இருப்பது ஒன்று. தோலின் உயிருள்ள அடுக்கைத் தாண்டும்போது அது வேறொன்றாக மாறியிருக்கலாம். தீங்கு விளைவிப்பது எது என்ற கேள்விக்கு விடை அந்த மாற்றத்தில் இருக்கிறது.

இந்த மாற்றம் எப்போதும் நமக்குச் சாதகமாக நடப்பதில்லை. லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் 1775-இல் புகைபோக்கி துடைக்கும் தொழிலாளர்களுக்கு விதைப்பையில் வரும் புற்றுநோயைப் பற்றி எழுதினார். அங்கே ஒட்டிக்கொண்ட புகைக்கரிதான் காரணம் என்று கண்டார். 1915-இல் ஜப்பானில் யாமகிவாவும் இச்சிகாவாவும் முயலின் காதில் மாதக்கணக்கில் தாரைத் தடவிப் புற்றை உண்டாக்கிக் காட்டினார்கள். 1933-இல் நிலக்கரித் தாரிலிருந்து பென்சோபைரீன் என்ற பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அதற்கும் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் முக்கியமான உண்மை வெளிப்பட்டது. பென்சோபைரீன் தன்னளவில் மந்தமான பொருள். நேராகப் போய் மரபணுவைச் சிதைக்கும் வலு அதற்கு இல்லை. தோல் செல்லுக்குள் இருக்கும் சைட்டோகுரோம் பி450 வகை நொதிகள் அதை வெளியேற்றுவதற்காக ஆக்சிஜனேற்றம் செய்யப்போக, நடுவில் உருவாகும் டையோல் எப்பாக்சைடு என்ற பொருள்தான் மரபணுவில் போய் ஒட்டுகிறது. நஞ்சை உண்டாக்கியதே நம் செல்தான். உயிரற்ற சுவருக்கு இது முடியுமா? சுவரில் தாரைப் பூசினால் தார் தாராகவே இருக்கும்.

இனி நம் வீட்டு அலமாரிக்கு வருவோம். கறுப்பு டைகளில் பெரும்பாலானவற்றின் உயிர்நாடி பாராஃபினைலீன்டைஅமீன். தோல் மருத்துவர்கள் சுருக்கமாகப் பிபிடி என்பார்கள். இதை முடிச்சாயமாகப் பயன்படுத்தப் பிரான்ஸில் காப்புரிமை பெற்றது 1883-இல், காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்த காலத்தில். மூலக்கூறு எடை 108 மட்டுமே உள்ள மிகச் சிறிய பொருள் இது. ஐந்நூறுக்கு மேற்பட்ட எடை கொண்டவை தோலுக்குள் எளிதில் நுழைவதில்லை என்பது தோல் மருந்தியலின் பொதுக் கணக்கு. அந்த வரம்பில் பிபிடி கால்பங்குகூட இல்லை. டையைக் கரைத்துத் தலையில் பூசி அரைமணி நேரம் உட்காரும்போது மூன்று வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. பெரும்பங்குப் பொருள் பெராக்சைடோடு சேர்ந்து முடிக்குள் பெரிய நிறமூலக்கூறாகிச் சிக்கிக்கொள்கிறது. இன்னொரு பங்கு மண்டைத்தோலின் மேற்படலத்தைத் தாண்டி உயிருள்ள கெரட்டினோசைட் செல்களுக்குள் போகிறது. அங்கே நாட்-1 என்று அழைக்கப்படும் அசிட்டைலேற்ற நொதி அதைப் பிடித்து ஒரு அசிட்டைல் குழுவை ஒட்டுகிறது, பிறகு இரண்டாவதையும் ஒட்டுகிறது. இரட்டை அசிட்டைல் ஏறிய பொருள் ஒவ்வாமையைத் தூண்டாமல் சிறுநீர் வழியே வெளியேறிவிடுகிறது. மூன்றாவது பங்கு நொதியின் கைக்குச் சிக்காமல் ஆக்சிஜனேற்றமடைந்து, முனை கூர்மையான பொருளாகித் தோலின் புரதத்தில் ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டிய புரதத்தை நோயெதிர்ப்புச் செல்கள் அந்நியன் என்று குறித்துக்கொள்கின்றன. அலர்ஜி தொடங்கும் இடம் அது.

மனிதத் தோலும், அதிலிருந்து எடுத்து வளர்த்த கெரட்டினோசைட் செல்களும் பிபிடியை இப்படி அசிட்டைலேற்றம் செய்கின்றன என்பதை 2000-ஆம் ஆண்டிலேயே அளந்து காட்டிவிட்டார்கள். அந்த நொதிக்கும் ஓர் எல்லை உண்டு. வருகிற பொருள் குறைவாக இருந்தால் அது சமாளித்துக்கொள்ளும். அளவு ஏறினால் திணறும். மதகின் கொள்ளளவுக்கு மேல் தண்ணீர் வந்தால் கரை உடைகிறது போல, நொதியின் கொள்ளளவுக்கு மேல் வந்த பிபிடி பாதுகாப்பான வழியை விட்டு மற்ற வழியில் ஓடுகிறது. நாட்-1 நொதியின் வேகமும் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. ஒரே பாக்கெட்டை அண்ணன் தம்பி இருவர் போட்டுக்கொண்டு ஒருவருக்கு மட்டும் முகம் வீங்குவதைத் தலையெழுத்து என்று விட்டுவிட வேண்டியதில்லை. எவ்வளவு உள்ளே போனது, அதில் எவ்வளவு தோலால் மழுக்கப்பட்டது, அவரவர் நோயெதிர்ப்பு அதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால் விடைக்கு வழி கிடைக்கும்.

“கோடிக்கணக்கான பேர் போடுகிறார்கள், அவர்களுக்கெல்லாம் ஒன்றும் ஆகவில்லையே” என்பது அடுத்து வரும் வாதம். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மை. ஆனால் அது தோல் சுவராக நின்றதற்குச் சான்று ஆகாது. தோல் ஓயாமல் வேலை செய்ததற்குத்தான் சான்று. மேலும், தொடு ஒவ்வாமைக்கு நினைவாற்றல் உண்டு. முதல் தடவை பொருள் உள்ளே போய் நோயெதிர்ப்புச் செல்கள் அதைப் பதிந்துகொள்ள ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அந்தச் சமயத்தில் வெளியே ஒரு அடையாளமும் தெரியாமல் போகலாம். அடுத்த தடவையோ, ஐந்தாவது தடவையோ, பத்தாவது வருடமோ போடும்போது ஓரிரு நாளில் அரிப்பும் கொப்புளமும் வீக்கமும் கிளம்புகின்றன. ஒருமுறை பதிந்த நினைவு பெரும்பாலும் ஆயுள் முழுக்க நிற்கும். “இத்தனை நாள் ஒத்துக்கொண்டதே” என்று அப்போது சொல்வதில் பயனில்லை; அந்த இத்தனை நாளில்தான் அது பதிந்திருக்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். பிபிடி கலந்த டையை விற்பவர்கள் எச்சரிக்கை வாசகத்தையும் முன்சோதனை முறையையும் அச்சிட வேண்டும் என்பது இந்திய அழகுசாதன விதி. காதின் பின்புறத்திலோ முன்கையின் உட்புறத்திலோ சிறிது தடவி உலரவிட வேண்டும், இருபத்துநான்கு மணி நேரம் கழித்துக் கழுவிப் பார்க்க வேண்டும், எரிச்சலோ வீக்கமோ இல்லையென்றால் ஒவ்வாமை இல்லை என்று கொள்ளலாம் என்பது அதன் சாரம். ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும் என்றும், புருவத்துக்கும் இமைக்கும் கூடாது என்றும் அது சொல்கிறது. நல்ல நோக்கத்தோடு எழுதியதுதான். ஆனாலும் இது சுவர்க் கோட்பாட்டின் குழந்தை. சுவரில் பூசிய பொருள் ஒரு நாளில் அரிக்கவில்லை என்றால் பிறகும் அரிக்காது என்ற கணக்கு இதில் இருக்கிறது. தோல் மருத்துவர்கள் ஒட்டுச் சோதனை செய்யும்போது பட்டையை இரண்டு நாள் ஒட்டியே வைக்கிறார்கள். இரண்டாம் நாளும் நான்காம் நாளை ஒட்டியும் பார்க்கிறார்கள். ஏனென்றால் மாற்றமும் பதில்வினையும் முழுதாக வெளிப்பட அவ்வளவு நேரம் வேண்டும். முதல்முறை போடுகிறவருக்கோ இருபத்துநான்கு மணி நேரச் சோதனை எதையும் சொல்லாது; அவர் உடம்பில் நினைவே இன்னும் உருவாகவில்லை. அரைமணி நேரம் கையில் தடவிப் பார்த்து “ஒண்ணும் செய்யல” என்று தலைக்குப் போகும் வழக்கம் இதைவிட மோசம்.

“மருதாணியை நம் பாட்டிகள் காலம்தொட்டு வைக்கிறோம், இயற்கைப் பொருள்தானே” என்பது இன்னொரு வாதம். காரைக்காலில் இந்த வாதத்துக்கு எடை அதிகம். இஸ்லாமியக் கல்யாணமோ இந்துக் கல்யாணமோ, கை சிவக்காமல் இங்கே மணப்பெண் இல்லை. இலையை அம்மியில் அரைத்து இரவெல்லாம் வைத்திருந்தால் காலையில் வருவது செம்மஞ்சள், ஆழமானால் செம்பழுப்பு. இலையில் உள்ள லாசோன் என்ற பொருள் அந்த நிறத்தைத்தான் தர முடியும். கன்னங்கரேல் என்று வராது, அரைமணி நேரத்தில் ஏறவும் ஏறாது. விரைவாகக் கறுக்கும் ‘கறுப்பு மருதாணி’யில் கலந்திருப்பது பெரும்பாலும் பிபிடி. தலைமுடிக்கு என்று எழுதிய பொருளைக் குழந்தையின் உள்ளங்கையிலும் புறங்கையிலும் மணிக்கணக்கில் விடுகிறோம். நொதியின் கொள்ளளவைப் பற்றி மேலே சொன்னதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். பிரெஞ்சுக் குடியுரிமையோடு பாரிஸிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழும் உறவினர்கள் காரைக்காலில் பல குடும்பங்களுக்கு உண்டு. அவர்கள் அங்கே வாங்கும் டை, தலையில் பூசும் கலவையில் பிபிடி 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற சட்டத்துக்கு உட்பட்டது. அதன் அட்டையில், பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இது அல்ல என்றும், கறுப்பு மருதாணி வைத்துக்கொண்டவர்களுக்கு ஒவ்வாமை வாய்ப்பு கூடும் என்றும் எழுதியிருக்கிறது. ஒரே குடும்பத்துத் தோல்தான் இரண்டு ஊரிலும் இருக்கிறது. எச்சரிக்கை மட்டும் ஏன் வேறு வேறாக இருக்க வேண்டும்?

இயற்கை என்ற சொல்லே பாதுகாப்புப் பத்திரம் ஆகிவிடாது. வாசனைப் பொருள்களில் வரும் சின்னமைல் ஆல்கஹால் தன்னளவில் புரதத்தில் ஒட்டும் பொருள் இல்லை. தோலில் உள்ள ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் நொதி அதைச் சின்னமால்டிஹைடாக மாற்றியதும் அது வலுவான ஒவ்வாமைப் பொருளாகிறது. நொதி பொருளின் பிறப்பிடத்தைப் பார்ப்பதில்லை, வடிவத்தைத்தான் பார்க்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திருநள்ளாற்று நளதீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்து முழுகுகிற மரபு நம்முடையது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்தால் உடம்புச் சூடு தணியும் என்பதும், வீக்கத்துக்குப் பற்றுப் போட்டால் உள்ளே வேலை செய்யும் என்பதும் நம் வீடுகளில் கேள்வி கேட்காத நம்பிக்கைகள். தடவியது உள்ளே போகும் என்று எண்ணெய்க்கும் பற்றுக்கும் ஒப்புக்கொள்கிற நாம், டைக்கும் பூச்சிமருந்துக்கும் மட்டும் அதை மறுப்பது எந்த நியாயம்?

இனி கருத்தரங்கு வடிவத்துக்கு வருவோம். தோலில் பி450 நொதிகளின் செயல் கல்லீரலோடு ஒப்பிட மிகவும் குறைவு, பல சமயம் அளவுக்கருவியே பிடிக்க முடியாத அளவு குறைவு என்கிறார்கள். சரிதான். வளர்த்த கெரட்டினோசைட் செல்களிலும், செல்களை அடுக்கடுக்காக வளர்த்து உருவாக்கும் செயற்கை மேல்தோலிலும் அதே போலக் குறைவு என்கிறார்கள். அதுவும் சரி. ஆனால் இதிலிருந்து “ஆகவே அந்தச் சோதனை குறைபாடு உடையது” என்று அவர்கள் எட்டும் முடிவுதான் தலைகீழாக இருக்கிறது. மனிதத் தோலில் ஒரு நொதி குறைவாக இருந்தால், மனிதத் தோலின் மாதிரியிலும் அது குறைவாக இருப்பதுதான் அந்த மாதிரியின் நம்பகத்தன்மை. இந்தக் ‘குறை’யைத் தீர்ப்பதற்காகச் சிலர் எலியின் கல்லீரலை அரைத்துச் சுழற்றி எடுத்த எஸ்-9 என்ற சாற்றைச் சேர்க்கிறார்கள். 1970-களில் ஏம்ஸ் சோதனைக்காகப் பரவிய வழி அது. மரபணுச் சிதைவைப் பாக்டீரியாவில் தேடும்போது பொருத்தமானது. தோலைப் பற்றிய கேள்விக்கு அதைக் கொண்டுவந்தால், தோல் ஒருபோதும் செய்யாத மாற்றங்களைச் செய்துவிட்டு அதன் பழியைத் தோலின் மேல் போடுகிறோம். நாட்-1, குளூட்டதயோன் ஒட்டும் நொதி போன்றவை மனிதத் தோலிலும் இந்த மாதிரிகளிலும் தெளிவாக அளக்கும் அளவுக்கு இருக்கின்றன. பிபிடியின் கதையைத் தீர்மானிப்பவை இவைதான். எது அதிகம், எது குறைவு என்ற அந்த விகிதம் முழுவதும்தான் தோலின் கைரேகை. அதைக் காப்பாற்றும் சோதனைதான் நல்ல சோதனை.

இந்த மாதிரிகள் என்ன என்று அருகில் போய்ப் பார்த்தால் “கிண்ணத்துச் செல்” என்ற ஏளனம் அடங்கிவிடும். அறுவைசிகிச்சையில் அகற்றிய தோலிலிருந்து, கொடுத்தவரின் ஒப்புதலோடு, செல்களைப் பிரித்தெடுக்கிறார்கள். நுண்துளைப் படலம் கொண்ட சிறு குப்பியில் அவற்றை விதைக்கிறார்கள். அடியில் ஊட்டத் திரவம், மேலே வெறும் காற்று. காற்று பட்டதும் மேலடுக்குச் செல்கள் தட்டையாகிக் காய்ந்து இறந்த படலமாகின்றன. கீழடுக்கு உயிரோடு பெருகுகிறது. சில வாரங்களில் சட்டைப் பொத்தான் அகலத்தில் உண்மையான மேல்தோல் ஒன்று உருவாகிவிடுகிறது. அதன் மேல் சோதிக்க வேண்டிய பொருளை வைத்து, கழுவி, காத்திருந்து, எம்டிடி என்ற மஞ்சள் கரைசலைக் கொடுக்கிறார்கள். உயிருள்ள செல் அந்த மஞ்சளை ஊதாவாக மாற்றும், இறந்த செல்லால் முடியாது. ஊதாவின் அளவு பாதியாகவோ அதற்குக் கீழோ இறங்கினால் அந்தப் பொருளை எரிச்சலூட்டி என்று வகைப்படுத்துகிறார்கள். பொருளாதார ஒத்துழைப்புக்கும் வளர்ச்சிக்குமான பன்னாட்டு அமைப்பான ஓஇசிடி 2010-இல் 439-ஆம் எண் வழிகாட்டுதலாக ஏற்ற முறை இது. இதற்கு முன் ஆட்சி செய்தது 1944-இல் டிரெய்ஸ் வகுத்த முறை: மயிர் மழித்த முயலின் முதுகில் பொருளை வைத்துக் கட்டி, சிவப்பையும் வீக்கத்தையும் கண்ணால் பார்த்து மதிப்பெண் போடுவது. மஞ்சள் ஊதாவானதைக் கருவி அளக்கிறது. முயலின் சிவப்பைப் பார்ப்பவரின் கண் அளந்தது.

“எத்தனை சொன்னாலும் உயிருள்ள உடம்பு உயிருள்ள உடம்புதான்” என்பது விலங்குச் சோதனையை ஆதரிப்பவர்களின் கடைசிக் கோட்டை. விலங்குகளால் அறிவியலுக்குக் கிடைத்ததை நான் மறுக்கவில்லை. மேலே சொன்ன முயல் காது அதற்குச் சாட்சி. ஆனால் எந்த உயிருள்ள உடம்பு என்று கேட்க வேண்டும். எலியின் தோல் மனிதத் தோலைவிடப் பல மடங்கு எளிதாகப் பொருளை உள்ளே விடுகிறது. நாய்க்கு நாட் வகை நொதிக்கான மரபணுவே இல்லை. பிபிடியைத் தோல் எப்படிக் கையாளுகிறது என்று நாயிடம் கேட்டால் அது சொல்ல வேண்டிய பதில் அதன் உடம்பில் எழுதப்படவே இல்லை. சுண்டெலியின் காதில் தடவிக் கழுத்து நிணநீர் முடிச்சை அளக்கும் முறை பல காலம் ஒவ்வாமைச் சோதனையின் அளவுகோலாக இருந்தது. மலிவான தோட்டின் திருகிலும் கைக்கடிகார வாரின் கொக்கியிலும் ஜீன்ஸ் பொத்தானிலும் இருக்கும் நிக்கல் உலகெங்கும் பெண்களுக்கு மிக அதிகமாக ஒவ்வாமை தரும் உலோகம். அந்தச் சோதனை நிக்கலைச் சரியாகப் பிடிக்கவில்லை. காரணம் 2010-இல் தெரியவந்தது: மனிதச் செல்லின் டிஎல்ஆர்-4 என்ற ஏற்பியில் நிக்கல் பற்றிக்கொள்ள இடம் தரும் அமினோ அமிலங்கள் சுண்டெலியின் ஏற்பியில் இல்லை. உயிர் இருந்தது, இரத்தம் ஓடியது, நோயெதிர்ப்பு இருந்தது; எல்லாம் சுண்டெலியுடையது.

கிண்ணத்தில் இரத்தம் இல்லை, நோயெதிர்ப்பு இல்லை என்ற குறையை மறைக்க வேண்டியதில்லை. ஒரே சோதனை எல்லாவற்றையும் சொல்லும் என்று இத்துறையில் பொறுப்புள்ள எவரும் சொல்வதில்லை. ஒவ்வாமை படிப்படியாக வளர்வதால் படிக்கு ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். பொருள் புரதத்தில் ஒட்டுமா என்பதற்கு ஒன்று. கெரட்டினோசைட் செல் அதைக் கண்டு எச்சரிக்கை மணி அடிக்கிறதா என்பதற்கு ஹாகாட் என்ற கெரட்டினோசைட் செல்வகையை வைத்து உருவாக்கிய ஒன்று. நோயெதிர்ப்புச் செல் விழித்துக்கொள்கிறதா என்பதற்கு ஒன்று. இவற்றைச் சேர்த்து முடிவெடுக்கும் முறையை ஓஇசிடி 2021-இல் 497-ஆம் எண் வழிகாட்டுதலாக ஏற்றுக்கொண்டது. மனிதரிடமிருந்து கிடைத்த தரவோடு ஒப்பிட்டபோது இந்தச் சேர்க்கை சுண்டெலிச் சோதனைக்குக் குறைந்ததாக இல்லை. “தோலில் மாறிய பிறகு ஒவ்வாமை தரும் பொருள்கள் இதில் தப்பிவிடும்” என்ற ஐயம் நியாயமானது. ஆனால் சரிபார்த்தபோது, அப்படிப்பட்ட பொருள்களில் பெரும்பாலானவை காற்றில் தாமாகவே ஆக்சிஜனேற்றமடைந்தும், செல்லின் நொதியால் மாறியும் இந்தச் சோதனைகளில் பிடிபட்டன. தப்பும் சிலவற்றைத் தேட வேண்டியது அவசியம். தேட வேண்டிய இடம் மனிதத் தோலின் நொதிகள், முயலின் முதுகு அல்ல.

ஓர் எல்லையை நானே சொல்லிவிடுகிறேன். வயலில் மருந்து அடிப்பவரின் தோல் வழியே உள்ளே போகும் குளோர்பைரிபாஸ் போன்ற பூச்சிமருந்துகள் நரம்பைத் தாக்கும் வடிவத்துக்கு மாறுவதில் கல்லீரலுக்குப் பெரும்பங்கு உண்டு. அங்கே தோல் செல்லை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனால் உள்ளே எவ்வளவு போகிறது என்ற முதல் கேள்விக்கு அங்கேயும் தோல்தான் பதில் சொல்ல வேண்டும். மனிதத் தோலை வைத்து அதை அளக்கும் முறையும் ஓஇசிடியிடம் 2004 முதல் இருக்கிறது. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்கள் மருந்தைக் குடிக்கவில்லை. மூச்சும் தோலும் வாங்கிக்கொண்டதுதான் அது. வெறும் மேலோடு நெல்லுக்கு மருந்து அடிக்கும் நம் கடைமடைக்காரருக்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டாம்.

செலவைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் செயற்கைத் தோல் விலை அதிகம், சில நாள்தான் உயிரோடு இருக்கும் என்பது உண்மை. ஆனால் ஹாகாட் செல்லை உறையவைத்து ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கலாம்; செல் வளர்க்கும் வசதியுள்ள எந்த ஆய்வகத்திலும் வளர்க்கலாம். அழகுசாதனப் பொருள்களை விலங்கில் சோதிப்பதை இந்தியா 2014 மே மாதத்தில் தடைசெய்தது. அப்படிச் சோதித்தவற்றின் இறக்குமதியையும் அதே ஆண்டு நவம்பரில் நிறுத்தியது. யூனியன் பிரதேசமான நமக்கும் அந்தச் சட்டம்தான். பழைய வழியை மூடிய நாடு புதிய வழியைத் தானே போட வேண்டும். லக்னோவில் தேசிய நச்சியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது, சென்னையை அடுத்த படப்பையில் நச்சியல் நிறுவனம் இருக்கிறது, விலங்குகளுக்கு மாற்று தேடும் மகாத்மா காந்தி-டோரன்காம்ப் மையம் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில், நம் காவிரிக் கரையிலேயே, தொடங்கப்பட்டது. இந்தியரின் தோலை, தமிழரின் தோலை, இங்கே விற்கும் பொடி டையையும் கோன் மருதாணியையும் வைத்துச் சோதிக்க ஆளும் இடமும் இல்லை என்று சொல்ல முடியாது.

ஆகவே கேட்க வேண்டியவை தெளிவானவை. டை பாக்கெட்டில் முன்சோதனைக் காலத்தை இருபத்துநான்கு மணியிலிருந்து குறைந்தது இரண்டு நாளாக்கி, கறுப்பு மருதாணியைப் பற்றிய எச்சரிக்கையையும் சேர்த்து, வாசிக்கக்கூடிய எழுத்தளவில் தமிழில் அச்சிடச் செய்ய வேண்டும். பிபிடி கலந்த எதையும் மருதாணி என்ற பெயரில் விற்க விடக் கூடாது. மருந்தின் பக்கவிளைவுகளைப் பதிய 2010 முதல் தேசியத் திட்டம் இருக்கிறது. காரைக்காலின் அரசு மருத்துவமனையும் ஜிப்மர் கிளையும் டையாலும் கோனாலும் வரும் கொப்புளங்களையும் அதே ஒழுங்கோடு பதிய வேண்டும். வாசகர்களுக்கும் ஒன்று. அரைமணி நேரத்தில் கறுக்கிற மருதாணியைக் குழந்தையின் கையில் வைக்காதீர்கள். ஒருமுறை டை போட்டு அரிப்போ வீக்கமோ வந்திருந்தால், கம்பெனியை மாற்றிப் போட்டுப் பார்க்காதீர்கள். தோல் மருத்துவரிடம் போங்கள். பெயர் மாறினாலும் பொருள் பெரும்பாலும் அதேதான், உங்கள் தோலின் நினைவும் அதேதான்.